அப்பாவுக்கு வி.ஈ.பி. எடுக்கலாமா? சர்க்கரை, ரெட்டினா, கண் நரம்பு பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பாவுக்கு 58 வயது, 11 வருடமாகச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.2. கண்ணாடிக் கடையில் பார்த்ததில் இரண்டு கண்ணும் 6/6, அதாவது எழுத்துப் பலகையில் இயல்பான அளவு. ராத்திரி பைக் ஓட்டும்போது மட்டும் எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்கிறார். ஒரு பரிசோதனை மையத்தில், 'ரெட்டினா (விழித்திரை) கெடுவதற்கு முன்னாலேயே கண் நரம்பு கெடுவதைக் கண்டுபிடித்துவிடலாம்' என்று சொல்லி, வி.ஈ.பி. (கண் பார்ப்பதற்கு மூளை தரும் மின் பதிலை அளப்பது), ஓ.சி.டி. (ரெட்டினாவை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேன்) இரண்டும் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அறிகுறி எதுவும் இல்லாத காலத்திலேயே சேதத்தைப் பார்க்க முடியுமா என்பது ஒன்று. அப்படிப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு ஏதாவது பயன் உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், முடியும். இரண்டாவதற்கான பதில் எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்து மாறும். அதைவிட என்னை உறுத்துவது வேறு. இவ்வளவு விவரம் எழுதிய நீங்கள், கண்ணில் சொட்டு மருந்து விட்டு ரெட்டினாவைப் பார்த்தார்களா என்று எங்குமே எழுதவில்லை.

நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைப் பரிசோதிப்பவன். ரெட்டினா பிரிவிலும், அதைவிட அதிகக் காலம் கண்ணின் மின் பதில்களை அளக்கும் எலக்ட்ரோபிசியாலஜி அறையிலும் வேலை பார்த்தவன். நீங்கள் கேட்கும் வி.ஈ.பி. எடுக்கிற அறை அதுதான். மருந்து எழுதுவதும் ஊசி போடுவதும் என் வேலை இல்லை என்பதால் அந்த இடங்களில் ஆய்வுகள் சொல்வதை மட்டும் சொல்கிறேன். மெஷின்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன். அவற்றின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தோடேயே சொல்கிறேன், உங்கள் அப்பாவுக்கு முதலில் வேண்டியது வி.ஈ.பி. இல்லை.

முதலில் இந்த 6/6 விஷயம். எழுத்துப் பலகையின் கடைசி வரிகளைப் படிக்க, ரெட்டினாவின் நடுவில் இருக்கும் ஃபோவியா என்கிற மிகச் சிறிய இடம் நன்றாக இருந்தால் போதும். சுற்றிலும் ரத்தக்கசிவு இருக்கலாம், புதிய ரத்தக்குழாய்களே முளைத்திருக்கலாம். அந்த நடுப்பகுதியைத் தொடாதவரை ஆள் சரளமாகப் படித்துவிடுவார். முற்றிய ரெட்டினோபதியோடு (சர்க்கரையால் ரெட்டினாவுக்கு வரும் பாதிப்பு) 6/6 படிப்பவர்கள் எந்த ரெட்டினா கிளினிக்கிலும் சாதாரணம். 'நேற்று வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு' என்று ஒரு நாள் காலையில் ஓடி வருவார்கள். கண்ணுக்குள் கருப்பாக ஏதோ மிதக்கும். உடைந்தது நேற்றாக இருக்கலாம், உடைந்த குழாய் வளர்ந்து நாளாகியிருக்கும். ஆகவே கண்ணாடிக் கடையின் 6/6-ஐ வைத்துச் சர்க்கரையின் பாதிப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

பிரிட்டனில் நடந்த யூ.கே.பி.டி.எஸ். ஆய்வில், டைப் 2 சர்க்கரை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சமயத்திலேயே மூன்றில் ஒருவருக்கும் மேல் ரெட்டினாவில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. சர்க்கரை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, டெஸ்ட் எடுத்த நாள் மட்டும்தான் தெரியும். அதனால்தான் டைப் 2 என்றால் கண்டுபிடித்த உடனேயும், டைப் 1 என்றால் 5 வருடத்துக்குள்ளும் முதல் ரெட்டினா பரிசோதனை என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா 11 வருடம் கடந்துவிட்டார். அதற்காகப் பதற வேண்டாம். இந்தியாவில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பல மாநிலங்களில் நடத்தி 2022-ல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு ரெட்டினோபதி இருந்தது. பார்வையைப் பறிக்கக்கூடிய அளவுக்கு இருந்தது 4 சதவீதம் பேருக்கு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த 4 பேரில் ஒருவரா இல்லையா என்பது உள்ளே பார்க்காமல் தெரியாது.

உள்ளே பார்த்தால் என்ன தெரியும்? ரெட்டினாவின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுற்றி அணைத்துப் பிடித்திருக்கும் பெரிசைட் என்ற செல்கள் இருக்கின்றன. நீண்ட நாள் அதிகச் சர்க்கரையில் அவை சாகின்றன. பிடி தளர்ந்த இடத்தில் குழாய்ச் சுவர் பொட்டாகப் புடைக்கும். இதுதான் மைக்ரோ அனியூரிசம், கண்ணுக்குத் தெரிகிற முதல் அடையாளம். போட்டோவில் பார்த்தால் பேனா முனையால் சிவப்பு மையில் குத்தியது போல் ஒரு புள்ளி. அது மட்டும் இருந்தால் மைல்டு என்பார்கள். ரத்தக்கசிவு, மஞ்சள் படிவு எல்லாம் சேரும்போது மாடரேட், அப்புறம் சிவியர், கடைசியில் புது ரத்தக்குழாய் முளைக்கும் ப்ரொலிஃபரேட்டிவ். 2003-ல் உலக அளவில் ஒத்துக்கொண்ட வரிசை இது. இதற்கு வெளியே, எந்தப் படியிலும் வரக்கூடியது ரெட்டினாவின் நடுப்பகுதியான மேக்குலாவில் நீர் கோர்ப்பது. வேலை செய்யும் வயதில் இருப்பவர்களின் பார்வையை மங்க வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் பார்க்கத்தான் சொட்டு மருந்து. கண்மணி விரிய அரை மணி நேரம் ஆகும். சர்க்கரை நாள்பட்டவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறோம்: ஒரு சுற்று சொட்டு போட்டால் மற்றவர்களுக்கு விரிகிற அளவு இவர்களுக்கு விரியாது. கண்மணியை இயக்கும் தானியங்கி நரம்புகளையும் சர்க்கரை தொட்டிருக்கும். வரிசையில் உட்கார்ந்து 'எனக்கு மட்டும் ஏன் மூணாவது தடவை ஊத்துறீங்க' என்று கோபிப்பவர் பெரும்பாலும் பழைய சர்க்கரைக்காரராக இருப்பார். சொட்டு போடாமல் எடுக்கும் கேமராக்களும் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் சின்னக் கண்மணியும் கொஞ்சம் கண்புரையும் சேர்ந்துவிட்டால் படம் மங்கலாக வரும். மங்கலான படத்தை 'நார்மல்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'படிக்க முடியவில்லை' என்றுதான் எழுத வேண்டும், சொட்டு விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

இனி அந்த மையத்தார் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அவர்கள் சொன்னது கட்டுக்கதை இல்லை. ரெட்டினா என்பதே நரம்புத் திசுதான். கரு வளரும்போது மூளையிலிருந்து நீண்டு வந்த ஒரு பகுதி அது. அதன் கேங்கிலியன் செல்களிலிருந்து கிளம்பும் சுமார் 10 லட்சம் இழைகள் சேர்ந்ததே பார்வை நரம்பு. ஜப்பானில் யோனெமுரா குழுவினர் 1962-லேயே, சர்க்கரை உள்ளவர்களின் ஈ.ஆர்.ஜி. பதிவில் வரும் சின்னச் சின்ன அலைகள் குறைவதைக் காட்டினார்கள். கண்ணுக்குள் ஃப்ளாஷ் அடித்தால் ரெட்டினா தருகிற மின் பதில்தான் ஈ.ஆர்.ஜி. அதன் ஏறுமுகத்தில் படிப்படியாகத் தெரியும் குட்டி அலைகளை ஆசிலேட்டரி பொட்டன்ஷியல் என்போம். வெளியே ரெட்டினா சுத்தமாகத் தெரியும்போதே இவை தாமதமாவதும் சுருங்குவதும் பலமுறை உறுதியான விஷயம். 1998-ல் அமெரிக்காவில் பார்பர் குழுவினர், எலிகளுக்குச் சர்க்கரை வந்த ஒரு மாதத்திலேயே ரெட்டினா நரம்பு செல்கள் தாமாகச் சாவது கூடுகிறது என்று காட்டினார்கள். இறந்தவர்கள் தானமாகத் தந்த கண்களிலும் அதே அடையாளம் இருந்தது. பெர்க்லியில் மல்டிஃபோகல் ஈ.ஆர்.ஜி. வைத்துச் செய்த வேலை எனக்கு இன்னும் பிடிக்கும். ரெட்டினாவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டின் பதிலையும் அளந்தார்கள். எந்தத் துண்டில் பதில் தாமதமோ, பிற்பாடு ரெட்டினோபதி அந்தத் துண்டில் தோன்றும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

ஆக, ரத்தக்குழாயில் புள்ளி தெரிவதற்கு முன்பே நரம்புகள் தடுமாறலாம் என்பது உறுதி. எல்லோருக்கும் நரம்புதான் முதலில் கெடுகிறது என்பது உறுதி இல்லை. ஐரோப்பாவில் 450 பேரை வைத்து நடந்த யூரோகாண்டார் ஆய்வில், ரத்தக்குழாய் மாற்றம் தெளிவாக இருந்தும் நரம்பு அளவுகள் சரியாகவே இருந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். ஒருவேளை சிலருக்கு இந்த வழி, சிலருக்கு அந்த வழி. இன்னொரு சிக்கலும் உண்டு. 1990-களில் சில ஆய்வாளர்கள், ஆரம்ப நிலையில் இருந்தவர்களை ஆக்சிஜன் சுவாசிக்க வைத்து, மங்கிய நிறப்பார்வையும் கான்ட்ராஸ்ட்டும் (வெளிறிய வித்தியாசங்களைப் பிரித்தறியும் திறன்) தேறுவதைக் கண்டார்கள். செத்த செல் ஆக்சிஜன் கொடுத்தால் எழுந்து வராது. அப்படியென்றால் நாம் அளக்கும் குறையில் ஒரு பகுதி சேதமே இல்லை, அந்த நேரத்துப் பற்றாக்குறை. ரிப்போர்ட்டில் 'நரம்பு பாதிப்பு' என்று வந்தாலும் அது எந்த வகை என்று அந்தக் காகிதம் சொல்லாது.

ஆராய்ச்சியில் நூறு பேரின் சராசரி பேசுகிறது. உங்கள் அப்பா ஒருத்தர். இந்த இடத்தில்தான் பேக்கேஜ் விற்பவர்கள் வழுக்கிவிடுகிறார்கள். ஓ.சி.டி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் வந்த இந்தத் தொழில்நுட்பம் ரெட்டினாவை அடுக்கடுக்காகப் பிளந்து காட்டும். நரம்பு இழை அடுக்கின் தடிமனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்லும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடமான ஆப்டிக் டிஸ்க்கைச் சுற்றி அது சராசரியாக 90-லிருந்து 100 மைக்ரான். சர்க்கரை உள்ள 45 பேரை 4 வருடம் தொடர்ந்து அளந்து 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நரம்பு அடுக்குகள் வருடத்துக்குச் சுமார் கால் மைக்ரான் மெலிந்தன. தலைமுடி ஒன்றை 200, 300 தாளாகச் சீவினால் அதில் ஒரு தாள். ஒரே ஆளை ஒரே மெஷினில் காலையும் மாலையும் அளந்தாலே சில மைக்ரான் வித்தியாசம் வரும். கண் கொஞ்சம் உலர்ந்திருந்தால் வரும், தாடையைச் சற்றுத் தள்ளி வைத்தால் வரும். இந்த நிலையில் ஒரே ஒரு ஓ.சி.டி. எடுத்து 'சர்க்கரையால் நரம்பு மெலிகிறது' என்று ஒரு தனி ஆளுக்குச் சொல்வது நேர்மையான வாசிப்பு இல்லை. ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரும் நிறங்களும் மெஷினுக்குள் வைத்திருக்கும் ஆட்களோடு ஒப்பிட்டு வருபவை. மைனஸ் பவர் அதிகம் உள்ள கண்ணுக்கு ஒரு நோயும் இல்லாமலே சிவப்பு வரும். உண்மையிலேயே மெலிந்திருந்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது க்ளாக்கோமாவை, அதாவது கண் பிரஷரால் வரும் நரம்பு பாதிப்பை.

ஓ.சி.டி. வீண் என்று நான் சொல்லவில்லை. மேக்குலாவில் நீர் கோர்த்திருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. அதற்காக உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் எடுங்கள். நரம்புச் சேதத்தை முன்கூட்டியே பிடிக்கும் வலை என்று சொல்லி விற்றால்தான் எனக்கு ஆட்சேபம்.

வி.ஈ.பி. என் சொந்த ஊர் மாதிரி. திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நொடிக்கு இரண்டு முறை இடம் மாறும். பின்மண்டையில் ஒட்டிய எலக்ட்ரோடு, அந்த மாற்றத்துக்கு மூளை தரும் பதிலைப் பிடிக்கும். சுமார் 100 மில்லி செகண்டில் ஒரு மேடு வரும், பி100 என்று பெயர். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சராசரியாகச் சில மில்லி செகண்ட் தாமதமாகிறது. ரெட்டினோபதி இல்லாதவர்களுக்கும் ஆகிறது. இது உண்மை. ஆனால் அந்த அறைக்குள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நம் ஊரில் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தலை குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருப்போம். பெரியவர் கோயிலுக்குப் போகிற மாதிரி நன்றாக எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்து நிற்பார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சொரசொரப்பான ஜெல் தேய்த்து, பேஸ்ட் வைத்து ஒட்டினாலும் இம்பிடன்ஸ் (தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது. அது சரியானால் அடுத்தது கண்ணாடி. பழைய கண்ணாடியோடு உட்கார்ந்தால் கட்டங்கள் கலங்கித் தெரியும். சின்னக் கட்டத்துக்கு மேடு தள்ளிப் போகும். அந்தத் தூரத்துக்கான சரியான பவர் போட்டு மறுபடி எடுத்தால் 118 என்று காட்டியது 106-க்கு வந்துவிடும். அதற்குள் ஏ.சி. குளிரில், ஒரே மாதிரி மாறும் கட்டங்களைப் பார்த்துப் பார்த்துப் பெரியவருக்குத் தூக்கம் சொக்கும். 'ஐயா, நடுப்புள்ளியைப் பாருங்க' என்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்புரை, சொட்டு மருந்தால் விரிந்த கண்மணி, கழுத்துத் தசை இறுக்கம் எல்லாம் எண்ணை மாற்றும். ஒரு லேபின் நார்மல் இன்னொரு லேபுக்கு ஒத்துவராது, ஒவ்வொரு இடமும் தன் மெஷினுக்கான நார்மலைத் தானே எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த மையத்தில் கேட்டுப் பாருங்கள், 'உங்கள் சொந்த நார்மல் அளவு என்ன?' என்று. பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக எடுத்து, பி100 உண்மையிலேயே தாமதம் என்றே வைத்துக்கொள்வோம். வி.ஈ.பி. தாமதம் என்று மட்டும்தான் சொல்லும், யாரால் என்று சொல்லாது. ரெட்டினாவிலிருந்து பின்மண்டை வரை வழியில் எங்கே தடை என்றாலும் அது தள்ளிப் போகும். சர்க்கரை உள்ளவரிடம் நான் முதலில் கேட்பது இரண்டு. பல வருடம் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? அது பி12 வைட்டமினைக் குறைக்கும், பி12 குறைந்தால் பார்வை நரம்பும் பாதிக்கப்படும். சுத்த சைவம் என்றால் இன்னும் சீக்கிரம். இரண்டாவது, காசநோய்க்கு மருந்து எடுக்கிறாரா? சர்க்கரையும் காசநோயும் நம் நாட்டில் கூட்டாளிகள். அந்தச் சிகிச்சையில் வரும் எத்தாம்பூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். சீக்கிரம் கண்டுபிடித்து டாக்டர் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், விட்டுவிட்டால் வராமலும் போகலாம். வி.ஈ.பி. உண்மையிலேயே தன் கூலிக்கு வேலை செய்யும் இடம் இதுதான்: ஆளுக்குப் பார்வை குறைகிறது, கண்ணாடி போட்டும் தேறவில்லை, ரெட்டினாவில் அதற்கேற்ற காரணம் தெரியவில்லை, நிறங்கள் வெளுத்துத் தெரிகின்றன. அப்போது எடுக்க வேண்டும். உங்கள் அப்பா அந்த இடத்தில் இல்லை.

மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பி12 எவ்வளவு என்று பார்ப்பது வி.ஈ.பி.யைவிடச் சுலபம். குறைவு என்றால் அதற்குச் சிகிச்சையும் உண்டு. இதை அவருடைய சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள்.

ராத்திரி கூச்சத்துக்கு வருகிறேன். அதை ஒதுக்கிவிட வேண்டாம். 58 வயதில் சர்க்கரையோடு என்றால் என் முதல் சந்தேகம் ஆரம்பக் கண்புரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சற்று முன்னதாகவே வரும். அடுத்தது, சரிசெய்யாத சின்ன சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வருவது). மூன்றாவது உலர்ந்த கண். இவை எல்லாம் ஸ்லிட் லாம்ப் என்கிற கண் மைக்ராஸ்கோப்பில் உட்கார வைத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். இவை எதுவும் இல்லையென்றால், ரெட்டினாவின் கான்ட்ராஸ்ட் உணர்வு குறைந்திருக்கலாம். அதைப் பார்க்கப் பெல்லி-ராப்சன் என்று ஓர் அட்டை இருக்கிறது. எழுத்தெல்லாம் ஒரே அளவு, ஆனால் போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். கடைசி எழுத்து வரை படிக்கிற 6/6 ஆள் இதில் பாதியில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நிறப்பார்வையும் அப்படித்தான். சர்க்கரையில் ஆரம்பத்தில் தடுமாறுவது நீலம்-மஞ்சள் பக்கம். டிரைவிங் லைசென்ஸுக்குக் காட்டும் புள்ளிப் புத்தகம் சிவப்பு-பச்சைக் குறைக்காகச் செய்தது, இதைப் பிடிக்காது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது கண்ணின் பவரே மாறும். புதிதாக மருந்து மாற்றிய சமயத்தில் கண்ணாடி வாங்கிவிட்டு, ஒரு மாதத்தில் 'தப்பான கண்ணாடி கொடுத்துட்டாங்க' என்று சண்டைக்குப் போவார்கள். சர்க்கரை சில வாரம் ஒரே நிலையில் நின்ற பிறகு பவர் பார்த்தால் போதும்.

சரி, மிக ஆரம்பத்திலேயே நரம்புத் தளர்ச்சி இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வார்கள்? இன்றைக்கு அதற்கென்று தனி மருந்து கிடையாது. யூரோகாண்டார் ஆய்வில் இரண்டு வகைச் சொட்டு மருந்துகளை 2 வருடம் போட்டுப் பார்த்தார்கள். மொத்தக் கூட்டத்தில் பலன் தெரியவில்லை. ஏற்கனவே நரம்புக் குறை இருந்தவர்களிடம் மட்டும் மேலும் மோசமாகாமல் நின்ற மாதிரி தெரிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், சிகிச்சையாகக் கைக்கு இன்னும் வரவில்லை. முன்கூட்டியே கண்ணுக்குள் ஊசி போட்டால்? அமெரிக்காவில் அதையும் செய்து பார்த்தார்கள். புது ரத்தக்குழாய் முளைக்காத, ஆனால் ரெட்டினோபதி நன்றாக இருந்த கண்களில் அஃப்லிபர்செப்ட் ஊசி போட்டதில் நோய் முற்றுவது குறைந்தது. ஆனால் 4 வருடம் கழித்துப் பார்வையில், ஊசி போடாமல் கவனித்து வந்து தேவைப்பட்டபோது போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

பலன் நிச்சயமாகத் தெரிந்தவை எல்லாம் பழைய, சுவாரசியமில்லாத விஷயங்கள். யூ.கே.பி.டி.எஸ். கணக்குப்படி மூன்று மாதச் சராசரி 1 குறைந்தால், கண், கிட்னி போன்ற நுண்குழாய்ச் சிக்கல்கள் சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தன. அதே ஆய்வில் ரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு ரெட்டினோபதி முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. கண் டாக்டரிடம் போய் பி.பி. பார்த்தால் 'இதற்கு எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு, இதற்குத்தான். கொழுப்புக்குத் தரும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையும் ரெட்டினோபதி வளர்வதைத் தாமதப்படுத்துகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்காட்லாந்தில் 2024-ல் வெளியான ஆய்வு, முற்றுவது 27 சதவீதம் குறைந்தது என்றது. கிட்னி அளவையெல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு எச்சரிக்கை: 8.2-ஐப் பார்த்துப் பயந்து ஒரே மாதத்தில் தடாலடியாக இறக்க வேண்டாம். நெடுநாள் அதிகமாக இருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது ரெட்டினோபதி சில மாதங்களுக்கு மோசமாவது இன்சுலினில் நன்கு தெரிந்த விஷயம். செமாக்ளூடைட் என்ற சர்க்கரை ஊசியின் ஓர் ஆய்வில் ரெட்டினா சிக்கல் 3 சதவீதம் பேருக்கு வந்தது, மருந்தில்லாத குழுவில் 1.8. பெரும்பாலும் ஏற்கனவே ரெட்டினோபதி இருந்தவர்கள். இதனால் மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. தொடங்குவதற்கு முன் ரெட்டினாவை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஏ.ஐ. பற்றியும் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதில் நம் ஊருக்கு நேரடிப் பங்கு உண்டு. கூகுள் 2016-ல் வெளியிட்ட கண் போட்டோ படிக்கும் ஏ.ஐ. சுமார் 1,28,000 படங்களில் பயின்றது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதில் சேர்த்தி. பிறகு இந்த இரண்டு இடங்களிலும் நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்து, படம் தரம் பிரிப்பவர்களுக்கு ஈடாகப் படிக்கிறது என்று 2019-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2018-ல் டாக்டர் பார்க்காமலே முடிவு சொல்லும் ஒரு மென்பொருளுக்கு அனுமதியும் கிடைத்தது. சர்க்கரை டாக்டரின் கிளினிக்கிலேயே இப்படி ஒரு கேமரா இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பார்க்காமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அது கற்றுக்கொண்டதைத்தான் பார்க்கும். ரெட்டினோபதியைத் தேடும் மென்பொருள், அதே படத்தில் இருக்கும் க்ளாக்கோமாவைச் சொல்லாமல் விடலாம். கண்புரையை, கண் பிரஷரை அது பார்க்கவே இல்லை.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் செய்வது இதுதான். இந்த மாதத்துக்குள் ஒரு கண் டாக்டரிடம், சொட்டு மருந்து விட்டு முழு ரெட்டினா பரிசோதனை. அதே வருகையில் பவர், கண் பிரஷர், கண்புரை. நிறப்பார்வை, கான்ட்ராஸ்ட் இரண்டையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் அட்டை அலமாரியில்தான் இருக்கும். முடிந்தால் ரெட்டினா போட்டோவின் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அதைவிட உதவுவது எதுவும் இல்லை. 'எல்லாம் நார்மல்' என்ற இரண்டு வார்த்தையோடு திரும்பாமல் மூன்று விஷயம் கேட்டு வாருங்கள்: ரெட்டினோபதி எந்தப் படி, மேக்குலாவில் நீர் உண்டா, அடுத்து எப்போது வர வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் வருடம் ஒரு முறை. மைல்டு தாண்டினால் டாக்டர் சொல்லும் இடைவெளி, அது சில மாதமாகவும் இருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்காமல் இருந்தால் அதையும் பாருங்கள். கிட்னி கசியும்போது கண்ணிலும் பிரச்சினை இருக்கும் வாய்ப்பு அதிகம். இவ்வளவும் முடிந்து, ரெட்டினா சுத்தம், கண்புரை இல்லை, பவர் சரி, ஆனாலும் பார்வையில் குறை என்று நின்றால் வி.ஈ.பி.க்கு வாருங்கள். எண்ணெய் வைக்காமல், கண்ணாடியோடு.

பரிசோதனை நாளில் அவரே பைக் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். சொட்டு மருந்தின் மங்கல் 4, 5 மணி நேரம் இருக்கும். அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத சில இருக்கின்றன: திடீரென்று கண்ணில் கருப்புப் புள்ளிகளோ நூலோ மிதப்பது, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைப்பது, நேர்க்கோடு வளைந்து தெரிவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, ஒரு கண்ணில் மட்டும் பார்வை சட்டென்று மங்குவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள், வலி இல்லையே என்று மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்.